பழைய நிலைக்குப் புதுக் கதவு

பழைய வீட்டுக்கு வாசல்கதவு மாற்ற வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் கிடைக்கும் யோசனை, நிலையையும் சேர்த்துப் பெயர்த்துவிடுங்கள் என்பதுதான். நிலையும் கதவும் ஒரே செட்டாக வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும், பூட்டும் கச்சிதமாக உட்காரும் என்பார்கள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்த மதுரைத் திருநகர் போன்ற குடியிருப்புகளில் இந்தக் கேள்வி இப்போது வீட்டுக்கு வீடு எழுகிறது. அந்த யோசனை வியாபாரத்துக்குப் பொருந்தலாம். மதுரைப் பக்கத்துக் கட்டுமான மரபுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. இங்கே வீட்டோடு பிறந்தது நிலை. கதவு அதில் மாட்டப்படுவது, தேய்ந்தால் மாற்றப்படுவது.

இதற்கு மிகப் பழைய சாட்சி நெடுநல்வாடை. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது என்று மரபு சொல்லும் இந்தப் பாட்டில் நக்கீரர் அரண்மனை வாசலுக்குச் சில அடிகளை ஒதுக்குகிறார். கதவைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான்: பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு. மீதி வரிகள் பெரும்பாலும் நிலைக்கே போகின்றன. உத்தரத்தில் செதுக்கிய பூவும் பிடியானைகளும், கைத்தேர்ந்த தச்சன் இடைவெளி தெரியாமல் முடுக்கிய இணைப்பு, வெற்றிக்கொடியோடு யானை நுழையும் உயரம் என்று அடுக்குகிறார். வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசுவதும் நிலைக்குத்தான். உரையெழுதிய நச்சினார்க்கினியர் அந்த யானைகளுக்கு நடுவே திருமகளையும் காண்கிறார். செட்டிநாட்டு வாசல்களின் உத்தரத்தில் இன்றும் உட்கார்ந்திருக்கும் கஜலட்சுமிக்கு இவ்வளவு நீண்ட பூர்வீகம். இது அரண்மனைக் கதைதானே, சாதாரண வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிலை வைப்புச் சடங்கு ஏழை வீட்டிலும் நடக்கிறது. சுவர் எழும்பும் முன்பே நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துகிறார்கள். ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுக்கிறார்கள். சுவர் அதைச் சுற்றித்தான் வளர்கிறது. கதவு மாட்டும் நாளுக்கு அந்த அளவு ஆரவாரம் இல்லை.

தச்சுவேலையும் இதையே சொல்கிறது. கீல் பரவுவதற்கு முன்பு கதவுகள் குடுமியில் சுழன்றன. கதவின் ஓரக்கட்டையிலேயே மேலும் கீழும் நீட்டிவிட்ட முளைதான் குடுமி. மேல்முளை உத்தரத்துக் குழியிலும் கீழ்முளை வாசற்படிக் குழியிலும் நிற்கும். பளு முழுவதும் நிலையின்மேல் இறங்குவதால் அதைப் பருமனான வைரமரத்தில் செய்ய வேண்டியிருந்தது. வெயிலும் சாரலும் வாங்கிப் பலகை வெடித்தால் பலகையை மாற்றினார்கள்; கீல் வந்தபிறகு அது இன்னும் சுலபமானது.

அப்படியானால் காரைக்குடிக்குப் போய் ஒரு பழைய கதவையே வாங்கி வந்தால் என்ன? முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த வாசல்கள் விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றின் மரம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. 1885-ல் மேல் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த போருக்கே பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியின் தேக்குத் தகராறு ஒரு காரணம். அந்த நாட்டில் வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் ஊருக்குக் கொண்டுவந்த மரம் அது. 1942-ல் ஜப்பானியர் நுழைந்ததும் அந்த வாழ்வு முறிந்தது. 2014-ல் மியான்மர் வெட்டுமர ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆகவே அந்த வாசல்களுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை பருத்த சுவருக்கும் அகன்ற முகப்புக்கும் செய்தவை. திருநகரின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அவற்றைப் பொருத்தினால் நிலை சுவரைத் தாண்டிப் பிதுங்கும். தன் நிலையை விட்டு இன்னொரு வீட்டின் நிலையை வாங்குவது என் வாதத்துக்கும் எதிரானது.

பாதுகாப்பைச் சொல்லி ஸ்டீல் கதவு கேட்பவர்கள் உண்டு. கள்ளன் முதலில் நெம்புவது பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில்தான். புதிதாகப் பெயர்த்துச் சிமெண்ட் பூசி நிறுத்திய நிலையைவிட, சுவரோடு வளர்ந்த நிலை அங்கே உறுதியாகவே இருக்கும். ஒற்றைக் கதவுதான் வசதி என்றால், பழைய இரட்டைக் கதவின் நிலையிலும் ஒற்றைக் கதவு மாட்டலாம். அகலம் கூடுதலாக இருப்பதால் கதவு கனக்கும், கீல் ஒன்று கூடப் போட வேண்டும், அவ்வளவுதான். கரையான் மட்டும் கடினமான கேள்வி. அது பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறி நிலைக்காலின் அடியைத்தான் முதலில் தின்னும். அங்கே உளியால் குத்திப் பார்த்து, கெட்ட பகுதியை அறுத்து, அதே வகை மரத்தில் ஒட்டுப்போடுவது ஆசாரிகளுக்குத் தெரிந்த வேலை. உத்தரம் வரை உள்ளே பொடியாகியிருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

நிலையைக் கட்டாயம் பெயர்க்க வேண்டிய இடம் இன்னொன்றும் இருக்கிறது. தார்மேல் தாராகப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசற்படி தாழ்ந்துபோன வீடுகளில் ஐப்பசி மழைத் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. தரையை ஓரடி உயர்த்தினால் உத்தரம் தலையில் இடிக்கும். அங்கேகூட நிலையை விறகுக்குப் போடத் தேவையில்லை. மேலே சுவரை வெட்டி, புது லிண்டல் போட்டு, அதே நிலையைத் தூக்கி நிறுத்தலாம். ஒரு கொத்தனாரும் ஒரு ஆசாரியும் சேர்ந்து நிற்க வேண்டிய வேலை. கூலி கூடும், கதவுக்கு அளவெடுப்பது அதற்குப் பிறகுதான்.