ஓசூர் மணலும் கடலூர் அலையும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். தென்பெண்ணைதான் அந்த உறவு. கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக ஓடி, கடலூர் அருகே அது வங்கக் கடலில் கலக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004ஆம் ஆண்டின் இறுதியில், கடலூர்க் கரையின் தேவனாம்பட்டினத்தைச் சுனாமி சூறையாடியது.

வங்கக் கடலுக்கு இது முதல் அனுபவமன்று. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபார் தீவுகளுக்கடியில் நிலம் நடுங்கியபோது எழுந்த அலை, சென்னை, நாகப்பட்டினம் உட்பட எட்டு இடங்களில் கருவிகளில் பதிவாயிற்று. மிக உயர்ந்த ஏற்றமே ஒரு மீட்டருக்குக் குறைவு. எனவே அது கணக்கேட்டில் தங்கியதே தவிர, மக்கள் நினைவில் தங்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கப்பால் ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடித் தரை பிளந்து நகர்ந்தது. அதன் மேற்குப் பக்கம் உயர்ந்தது. கிழக்கே தரை தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கிற்று. நம் கரைக்கோ முதலில் வந்ததே ஏற்றம்தான். ஓடித் தப்ப எச்சரிக்கும் அந்த அறிகுறி நமக்குக் கிட்டவில்லை.

அலையின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 3,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 171 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 600 கி.மீ.! 10 மீட்டர் ஆழத்திலோ மணிக்கு 36 கி.மீ.தான். முன்னே செல்லும் நீர் தயங்க, பின்னே வருவது நெருக்க, அலை உயர்கிறது. கடலடி மேட்டின்மேல் அலை குவியும். கடலடிப் பள்ளத்தாக்கின்மேல் முந்திச் சென்று இருபுறமும் விலகும். புதுச்சேரி, கடலூர்க் கரைகளுக்கு எதிரே இத்தகைய பள்ளத்தாக்குகள் உண்டு. அடுத்தடுத்த ஊர்களிலும் அலையின் உயரம் வேறுபட இதுவும் ஒரு காரணம்.

கரையேறியபின் நிலத்தின் முறை. தட்டையான காவிரிக் கழிமுகத்தில் தடுக்க ஏதுமில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆற்று முகத்துவாரங்கள் அலைக்கு வாயிற்கதவாயின. கற்சுவருக்குப் பின்னிருந்த பழைய புதுச்சேரி நகரம் பெரும்பாலும் தப்பியது. உயர்ந்த மணல்மேடுகள் கலையாதிருந்த இடங்களில் பின்னிருந்த குடியிருப்புகளும் தப்பின.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் பாறைகளில் பல 250 கோடி ஆண்டு பழமையானவை. மழையும் வெயிலும் அவற்றைச் சிதைக்க, எஞ்சிய குவார்ட்ஸ் துகளை ஆறு சுமந்து கரை சேர்த்தது. அலை ஒதுக்கியதைக் காற்று மேடாக்கியது. 1950களில் கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் அணைகள் எழுந்தன. தண்ணீரைத் திறந்துவிடுகிறோம், மணல் பெரும்பாலும் அடியில் படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே எஞ்சியதை லாரிகள் அள்ளுகின்றன. கெலவரப்பள்ளியில் கழிவு நுரை பொங்கினால் செய்தித்தாளில் படம் வருகிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறதே! கடலூருக்குப் போய்ச் சேராத மணலை யார் படமெடுப்பது?