இலங்கையின் பெயர் தாங்கிய கொக்கிப்புழு: நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான ஒரு நோயின் வரலாறு

அன்கைலோஸ்டோமா சிலானிகம் என்பது நாய், பூனை ஆகியவற்றின் சிறுகுடலில் வாழும் ஒரு கொக்கிப்புழு. இது மனிதக் குடலிலும் முழுவளர்ச்சி அடைந்து முட்டையிடும். விலங்குகளுக்குரிய பிற கொக்கிப்புழுக்களிலிருந்து இதனை வேறுபடுத்தும் முதன்மையான பண்பு இதுவே. 1911ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு புனுகுப்பூனையின் குடலில் கண்ட புழுக்களைக் கொண்டு இதற்குப் பெயரிடப்பட்டது. அடுத்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அறிஞர் பலர் இதனைத் தனி இனமாகவே ஏற்கவில்லை. அந்தக் குழப்பத்தின் விளைவுகள் இன்றும் தெற்காசியா முதல் பசிபிக் தீவுகள் வரை உணரப்படுகின்றன.

வாழ்க்கைச் சுழற்சி

கொக்கிப்புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறுகின்றன. நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் அவை ஓரிரு நாள்களில் பொரிக்கும். வெளிவரும் இளம்புழு இருமுறை தோலுரித்து, ஒரு வாரமளவில் நோய் தொற்றவைக்கும் நிலையை அடைகிறது. பிறகு அது வெறுங்காலின் தோலைத் துளைத்தோ, வாய்வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. கடற்கரை மணலும் மழையும் ஆண்டு முழுதும் வெப்பமும் கொண்ட அயனமண்டலத் தீவுகள் இப்புழுவுக்கு மிகவும் ஏற்ற இடங்கள். கட்டிப்போடாமல் ஊருக்குள் திரியும் நாய்கள் முற்றத்திலும் குழந்தைகள் விளையாடும் மணலிலும் மலங்கழிப்பதால் இச்சுழற்சி அறுபடுவதில்லை.

குடலை அடைந்த புழு தன் வாய்ப்பற்களால் குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. நாய்களில் பரவலாகக் காணப்படும் மற்றோர் இனமான அன்கைலோஸ்டோமா கேனினம் தாய்ப்பால் வழியாகவும் குட்டிகளைத் தொற்றும். அதனால் பிறந்து இரண்டு மூன்று வாரங்களிலேயே குட்டிகள் குருதியிழந்து, ஈறு வெளிறி, கறுத்த மலங்கழித்து இறப்பதுண்டு.

தொடக்ககால ஆய்வுகள்

மனிதக் கொக்கிப்புழுவை முதலில் கண்டவர் இத்தாலிய மருத்துவர் ஆஞ்சலோ துபினி. 1838இல் மிலான் நகரில் ஒரு பெண்ணின் பிணக்கூறாய்வின்போது அதனைக் கண்ட அவர், 1843இல் அதைப் பற்றி எழுதினார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோட்டார்டு சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளரிடையே கடும் இரத்தசோகை பரவியது. எதுவார்தோ பெரோன்சித்தோ அதற்குக் கொக்கிப்புழுவே காரணம் எனக் காட்டினார்.

புழு உடலுக்குள் நுழையும் வழியைக் கண்டவர், கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ். 1898ஆம் ஆண்டளவில் இளம்புழுக்கள் இருந்த நீர்த்துளி தற்செயலாக அவரது கையில் விழுந்தது. அவ்விடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றின; சில வாரங்களுக்குப் பின் அவரது மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. தோல் வழியே தொற்று நிகழ்கிறது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1911இல் இலங்கைப் புழுவுக்குப் பெயரிட்டவரும் இதே லூஸ்தான்.

இரு புழுக்களும் ஒரே பெயரும்

லூஸுக்கு ஓராண்டு முன்பு, 1910இல், பிரேசிலைச் சேர்ந்த கோமெஸ் தெ ஃபரியா நாய், பூனைகளில் கண்ட ஒரு கொக்கிப்புழுவுக்கு அன்கைலோஸ்டோமா பிரேசிலியென்சே எனப் பெயரிட்டிருந்தார். இரண்டும் உருவில் மிக நெருங்கியவை. வாயிலுள்ள உட்பற்களின் அளவிலும், ஆண்புழுவின் வாற்பகுதி விரிமடலைத் தாங்கும் கதிர்களின் அமைப்பிலும் மட்டுமே நுண்ணிய வேறுபாடு உண்டு.

1913இல் இரு எதிரெதிர்ச் செய்திகள் வெளியாயின. வங்காளத்தில் பணியாற்றிய கிளேட்டன் லேன் இலங்கைப் புழுவை மனிதரிடம் கண்டதாக அறிவித்து, அதனை மனிதரின் புதிய ஒட்டுண்ணி என்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் லீப்பர், இலங்கைப் புழுவும் பிரேசில் புழுவும் ஒன்றே எனக் கருத்துரைத்தார். முந்திய பெயருக்கே உரிமை என்பது உயிரினப் பெயரிடலின் விதி. ஆகவே சிலானிகம் என்ற பெயர் பின்தள்ளப்பட்டது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. இரண்டு புழுக்களும் மனித உடலில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. பிரேசில் புழுவின் இளம்புழு மனிதத் தோலுக்குள் வளைந்து வளைந்து ஊர்ந்து, அரிக்கும் சிவந்த தடங்களை உண்டாக்குகிறது. ஆனால் பொதுவாகக் குடலை அடைவதில்லை. இலங்கைப் புழுவோ குடலை அடைந்து முட்டையிடுகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால், நாயின் கொக்கிப்புழு மனிதருக்குத் தோல்நோயை மட்டுமே தரும் என்ற எண்ணம் வேரூன்ற இடம் கிடைத்தது.

இலங்கைத் தோட்டங்களில் ஒழிப்புப் பணி

இப்பெயர்க்குழப்பம் நிலவிய காலத்திலேயே இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பகுதியில் இதைத் தொடங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து சென்று தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரே இதன் முதன்மை இலக்கு. மலத்தை நுண்ணோக்கியில் சோதித்து, முட்டை கண்டவர்களுக்கு மருந்தாகக் கெனோபோடியம் எண்ணெய் முதலியவை தரப்பட்டன. மருந்து தந்து சில மாதங்களில் தொற்று மீண்டும் வந்தது. லயன் குடியிருப்புகளில் போதிய கழிப்பறைகள் கட்டப்படாமையே இதற்குப் பெருங்காரணம். அச்செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர்.

அக்காலச் சோதனை முறைக்கு மற்றொரு வரம்பும் இருந்தது. கொக்கிப்புழு இனங்களின் முட்டைகள் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இனத்தை அறிய, மருந்துக்குப் பின் வெளியேறும் புழுக்களைப் பொறுக்கி ஆராய வேண்டும். முட்டையை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில், அது மனிதப் புழுவா நாய்ப் புழுவா எனப் பிரித்தறிய வழியில்லை.

மீண்டும் தனி இனமாதல்

1951இல் இத்தாலிய அறிஞர் எத்தோரே பியோக்கா இரு புழுக்களின் உடலமைப்பையும் ஒப்பிட்டு, அவை வெவ்வேறு இனங்கள் என நிறுவினார். ஆயினும் பழைய வழக்கம் உடனே மறையவில்லை. 1966இல் இலங்கைப் புழுவின் இளம்புழுக்களை மனிதருக்குச் செலுத்தி நடத்திய சோதனையின் அறிக்கைகூட, அதனைப் பிரேசில் புழுவின் ஒரு வகையாகவே குறிப்பிட்டது. பின்னர் டச்சு ஆய்வாளர்கள் நடத்திய இனக்கலப்புச் சோதனைகள் இவை தனித்தனி இனங்களே என்பதை உறுதிப்படுத்தின.

தீவுகளிலிருந்து வந்த சான்றுகள்

மேற்கு நியூகினித் தீவிலிருந்து தாயகம் திரும்பிய டச்சுப் படைவீரர்களிடம் கண்ட கொக்கிப்புழுத் தொற்று பற்றிய ஆய்வு 1969இல் வெளியாயிற்று. அவர்களிடம் இருந்த புழுக்களில் சிலானிகமும் இருந்தது. வயிற்றுவலி போன்ற குடல் தொல்லைகளுக்கு இப்புழு காரணமாகலாம் என்பதை அது காட்டியது.

மரபணுச் சோதனைகள் வந்தபின் நிலைமை தெளிவாயிற்று. முட்டையிலிருந்தே இனத்தை அறிய முடிந்ததால், தாய்லாந்து, மலேசியா, கம்போடியா முதலிய நாடுகளில் நாய்களிடமும் மனிதரிடமும் இப்புழு கண்டறியப்பட்டது. ஆசியாவில் மனிதரைத் தொற்றும் கொக்கிப்புழுக்களில் நெக்கேட்டர் அமெரிக்கானஸுக்கு அடுத்த இடம் இதற்கே என இப்போது கருதப்படுகிறது.

பசிபிக்கின் சாலமன் தீவுகளில், மலைட்டா தீவின் கிழக்குப் பகுதி ஊர்களில் வாழும் மக்களிடமும் இப்புழு இருப்பது 2017இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அப்பகுதி மக்களுக்கு அல்பெண்டசோல் என்னும் குடற்புழு நீக்க மருந்து அடிக்கடி தரப்பட்டு வந்திருந்தும் கொக்கிப்புழுத் தொற்று குறையாமலிருந்ததை முந்திய ஆய்வொன்று பதிவு செய்திருந்தது.

இன்றைய பொருத்தம்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின், பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் திட்டங்கள் பெருகின. மனிதரின் மலத்தால் மட்டும் மண் மாசுபடும் இடங்களில், மாத்திரையும் கழிப்பறையும் சேர்ந்து நல்ல பயன் தருகின்றன. சிலானிகம் உள்ள ஊர்களில் இவை மட்டும் போதா. ஒரு வீட்டார் அனைவரும் மாத்திரை உட்கொண்டு, கழிப்பறையைத் தவறாமல் பயன்படுத்தினாலும், அவ்வீட்டு நாய் முற்றத்து மண்ணில் மீண்டும் முட்டைகளை இட்டுச்செல்லும்.

ஆகவே நாய்களுக்குக் காலமுறைப்படி பூச்சி மருந்து கொடுத்தல், அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துதல், மலத்தை உடனுக்குடன் அகற்றுதல், செருப்பு அணிதல் ஆகியவை மனிதருக்கான சிகிச்சையோடு இணைந்து நடைபெற வேண்டும். மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. பல சிறு தீவுகளில் கால்நடை மருத்துவரே இல்லை என்பதுதான் இதன் பெருந்தடை. அங்கெல்லாம் மனிதருக்கு மாத்திரை கொண்டுசெல்லும் படகிலேயே நாய்க்கான மருந்தும் செல்ல வேண்டியுள்ளது.