ஆரணிப் போரும் நியூட்டனின் மூன்றாம் விதியும்

இன்று பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணி, 1782ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் முக்கியத் தளவாடக் கிடங்காக இருந்தது. அதைக் கைப்பற்ற ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் படையுடன் வந்தார். ஜூன் 2 அன்று நடந்த போரில் எவருக்கும் தெளிவான வெற்றி இல்லை; கோட்டையைப் பிடிக்க முடியாமலேயே ஆங்கிலப் படை திரும்பியது.

அக்காலப் போர்களில் ஆங்கிலேயர் பீரங்கிகளையே நம்பினர். மைசூர்ப் படையிடம் பீரங்கியோடு இரும்புக்குழல் ராக்கெட்டும் இருந்தது. இரண்டும் இயங்குவது, நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதிப்படியே: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு.

சமமும் எதிருமான விசைகள் ஒன்றையொன்று ஏன் அழித்துக்கொள்வதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இணையிலுள்ள இரு விசைகளும் ஒரே பொருளின் மீது செயல்படுவதில்லை என்பதே விடை. பீரங்கிக்குள் வெடிமருந்து எரிந்து எழும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. குண்டு அவ்வாயுவைப் பின்னே தள்ளுகிறது. அதே வாயு பீரங்கியின் அடிப்புறத்தைப் பின்னே தள்ள, பீரங்கி வாயுவை முன்னே தள்ளுகிறது. குண்டு எடை குறைந்தது, பாய்ந்துவிடும். பல மடங்கு எடையுள்ள பீரங்கி சிறிது தூரமே பின்வாங்கும். ஆயினும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதை இழுத்து நிறுத்திக் குறிபார்க்க வேண்டும்.

ராக்கெட்டில் குண்டு இல்லை. குழல் வாயுவைப் பின்னே தள்ளுகிறது, வாயு குழலை முன்னே தள்ளுகிறது. பீரங்கிக்குத் தொல்லையாக இருந்த பின்னுதைப்பே இங்கு பறக்கும் விசை! கனமான வண்டி தேவையில்லை, ஒரு வீரனே சுமந்து செல்லலாம். காகிதக் குழலைவிட இரும்புக் குழல் அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் ராக்கெட் தொலைவாகவும் சென்றது. 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை இவற்றை ஏவியது. அப்போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்ற ராக்கெட்டுகளைக் கண்டே காங்கிரீவ் தம் ராக்கெட்டை உருவாக்கினார்.

ராக்கெட் காற்றை உதைத்துப் பறக்கிறது என்ற தவறான எண்ணம் மட்டும் நெடுநாள் நீடித்தது. வெற்றிடத்தில் உதைக்க எதுவுமில்லையே என்று 1920இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் விஞ்ஞானி கோடார்டைக் கேலி செய்தது. அப்போலோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அவ்விதழ் வருத்தம் தெரிவித்தது.