மண்டபத்தைத் தாண்டிய பாட்டு

மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நடக்கும் தமிழ்க் கல்யாணம் இப்போதெல்லாம் மண்டபத்தோடு முடிவதில்லை. காலையில் கோயிலில் தாலி ஏறி, மாலையில் விருந்து உபசரிப்பும் நடந்து, சில நாள் கழித்துப் படங்களைத் திரைப்பாடலோடு கோத்த ‘மோண்டாஜ்’ யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஏறினால்தான் தூரத்து உறவுக்கும் கல்யாணம் போய்ச் சேர்கிறது. ஏற்றியபின் ஒலி வெட்டுப்படுவதும், சில நாடுகளில் காணொளியே தெரியாமல் போவதும், விளம்பர வருமானம் ஏதோவொரு இசை நிறுவனத்தின் கணக்கில் விழுவதும் உண்டு. ‘எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வேறு யாருக்கு என்ன உரிமை?’ என்ற கோபம் அங்கேதான் பிறக்கிறது. இணையம் கொண்டுவந்த புதுக் கெடுபிடி இது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த வட்டாரத்துக் கல்யாண வழக்கத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. படம் தொடக்கத்திலிருந்தே குடும்பத்தின் சொத்து. ஒலித்தட்டில் வந்த பாட்டு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. வீட்டுச் சுவரும் மண்டபச் சுவரும் அந்த வேறுபாட்டை நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தன. இணையத்தில் சுவர் இல்லை, அவ்வளவுதான்.

கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைத்த ரயில் 1886-இல் ஓடத் தொடங்கியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசு வேலைக்கு வந்தவர்கள் ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடியேறினர். இவர்களின் கல்யாணங்களுக்குப் படமும் மேளமும் வேண்டியிருந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மலாயாவில் படக்கடைகளைப் பெரும்பாலும் சீனரும் ஜப்பானியரும் நடத்தினார்கள். மேளம் கோயிலைச் சார்ந்தே இருந்தது. கல்யாணத்துக்குக் கூலி பேசி அழைக்கப்பட்ட இந்த இரண்டு கலைகளில் படத்துக்கு ஒரு கூடுதல் கடமையும் இருந்தது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த பல கல்யாணங்களுக்கு, மணவறையில் எடுத்த படமே கையில் எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி.

அந்தப் படம் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமும் குடும்பத்தின் பக்கமே நின்றது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்தது. இந்தியா 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அதைத் தொடர்ந்தது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், 26-ஆம் பிரிவில், பிறர் கேட்டுச் செய்து கொடுத்த படைப்பின் உரிமை கேட்டவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும் என்று பொதுவாகவே சொன்னது. இங்கும் மாற்று உடன்பாட்டுக்கு இடம் உண்டு. இந்த மரபைத் தொடங்கி வைத்த பிரிட்டனோ 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமையைப் படமெடுப்பவரிடமே கொடுத்துவிட்டது. ஆகவே லண்டனில் கல்யாணம் செய்யும் தமிழ்த் தம்பதி படத்துக்காகக் கேட்க வேண்டிய அனுமதியைக் கிள்ளான் தம்பதி பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தாளில் படமெடுப்பவர் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாட்டின் கதை வேறு. மேளக்காரர் நேரில் வாசித்த காலத்தில் இசைக்கும் கூலிக்கும் நடுவில் யாரும் இல்லை. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்தபின் பாடியவர் ஒரு நாட்டில், கேட்பவர் இன்னொரு நாட்டில் என்றாயிற்று. அப்போதும் சட்டம் சும்மா இருக்கவில்லை. அதே 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஒலித்தட்டுக்கும் பதிப்புரிமை தந்தது. ஓர் உணவகம் வாடிக்கையாளர்களுக்குத் தட்டைப் போட்டுக் காட்டவும் அனுமதி வேண்டும் என்று 1934-இல் ஆங்கிலேய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மலேசியச் சட்டம் 1987 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காகப் பி.பி.எம். அமைப்பும், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக எம்.ஏ.சி.பி. அமைப்பும் 1980-களின் இறுதியில் தோன்றின. 1990-இல் நாடு பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அன்றிலிருந்து சென்னையில் பிறந்த பாட்டுக்கும் கோலாலம்பூரில் சட்டப் பாதுகாப்பு உறுதியானது. ஆனால் கல்யாண வீடியோவில் திரைப்பாடலைப் பின்னணியாக ஒட்டி, கேசட்டாகவும் பிறகு வி.சி.டி.யாகவும் உறவினருக்குக் கொடுத்த பழக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அதிகாரிகளின் கண் தெருவில் விற்ற திருட்டு வட்டுகள் மேல் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டம் அதற்காகவே வந்தது. இத்தனைக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஒரு கோடு போட்டிருந்தது. உரிமை மீறிய பிரதிகள் ஒரே வடிவில் மூன்றோ அதற்கு மேலோ ஒருவர் கையில் இருந்தால், அவை சொந்த வீட்டுப் பயனுக்கானவை அல்ல என்றே, வேறுவிதமாக நிரூபிக்கும்வரை, அனுமானிக்கப்படும். சித்தப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, பெண் வீட்டாருக்கு ஒன்று என்று வட்டு போட்ட கணத்திலேயே பல குடும்பங்கள் அந்தக் கோட்டை நெருங்கிவிட்டன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

இணையம் வந்ததும் எண்ணிப் பார்ப்பது தானாகவே நடந்தது. யூடியூப் 2007 முதல் ஏற்றப்படும் ஒலியைத் தன்னிடமுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமையாளர் அறிவிப்பு கொடுத்தால் சேவை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் உரிமை மீறிய பதிவை நீக்க வழி செய்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், மண்டபத்தில் கூட முடியாத கூட்டம் நேரலையில் கூடியது. வீட்டு விசேஷம் அப்போது முழுசாகப் பொதுவெளிக்கு வந்தது. மண்டபமோ ஹோட்டலோ இசை ஒலிக்க உரிமக் கட்டணம் கட்டியிருந்தாலும், அது அந்தச் சுவர்களுக்குள் ஒலிப்பதற்கு மட்டுமே. படத்தோடு பாட்டை ஒட்டுவதற்கும், ஒட்டியதை உலகுக்கு அனுப்புவதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். விருந்தில் தடையின்றி ஓடிய அதே மோண்டாஜ் மறுநாள் இணையத்தில் மாட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

‘காசு பார்க்கவா போடுகிறோம்?’ என்பது முதல் மறுப்பு. லாப நோக்கம் இல்லாதது கணக்கில் வரும்; ஆனால் அது மட்டுமே உரிமையை அழித்துவிடாது. 2012-இல் விரிவாக்கப்பட்ட நியாயமான பயன்பாட்டு விதி, எவ்வளவு எடுத்தோம், அது மூலத்தின் சந்தையைப் பாதிக்குமா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. முழுப் பாட்டையும் எடுத்து, யாரும் எத்தனை முறையும் கேட்கும்படி வைப்பதை அந்த விதிக்குள் அடக்குவது கடினம். இந்தியச் சட்டம் கல்யாணத்துக்குச் சலுகை தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது; 52-ஆம் பிரிவு திருமண ஊர்வலத்தையும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. ஆனால் அந்த விலக்கு அங்கே பாட்டு ஒலிப்பதற்கு. பதிவு செய்து உலகெங்கும் பரப்புவதற்கு அல்ல.

பழைய பாட்டுதானே என்பது அடுத்த மறுப்பு. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். கல்யாணங்களில் வாசிக்கும் ‘சீதா கல்யாண’ கீர்த்தனைக்கு இன்று உரிமை கோர யாருமில்லை. ஆனால் அதை வாசித்த நாதஸ்வர வித்துவானின் ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. 1970-இல் வெளியான ஒரு திரைப்பாடலை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன். மலேசியாவில் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு, அது முடிந்துவிட்டது. வரிகளுக்குக் கவிஞர் மறைந்த 1981-இலிருந்து 50 ஆண்டு, அதாவது 2031 வரை. மெட்டுக்கு இசையமைப்பாளர் மறைந்த 2015-இலிருந்து கணக்கிட்டால் 2065 வரை. இந்தியாவில் ஒவ்வொன்றோடும் இன்னும் பத்தாண்டு சேரும். ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன என்பதை மறப்பதால்தான் ‘பழசு’ என்ற சொல் ஏமாற்றுகிறது.

மூன்றாவது மறுப்புக்கு எடை அதிகம்: யாரிடம் கேட்பது? உரிமையாளர் யார் என்று துறைக்குள்ளேயே சண்டை நடக்கிறது. இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் எக்கோ ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் மலேசியாவின் அகி மியூசிக் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. ஒலிப்பதிவு ஒருவரிடம், இசையமைப்பு இன்னொருவரிடம் என்பதே அங்கும் சிக்கல். ஒரு குடும்பம் இதையெல்லாம் துருவிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்தான். அதனால்தான் பெரிய நிறுவனங்களே தமக்குள் பேசி முடிப்பது நல்லது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் வாரிசான சரிகமா 2020-இல் ஃபேஸ்புக்கோடு செய்துகொண்ட உலகளாவிய உரிம ஒப்பந்தம் அப்படிப்பட்டது. ஆனாலும் அது ஒரு நிறுவனத்தின் பாடல்களுக்கு மட்டும், ஒரு தளத்துக்கு மட்டும். கேட்பது கடினம் என்பது கேட்காமல் எடுக்கும் உரிமையாகிவிடாது. கேட்பதற்கு எளிதான பாட்டைத் தேடவே அது காரணம்.

இசைக்கு உரிமை பேசுவது நம் வழக்கமே இல்லை என்பது கடைசி மறுப்பு. இதைத்தான் வரலாறு நேராக மறுக்கிறது. தாம்பூலத் தட்டில் சன்மானம் வைத்து, சால்வை போர்த்தி மேளக்காரரை அனுப்பியதுதான் பழைய வழக்கம். கெட்டிமேளத்தை யாரும் இலவசமாகக் கேட்டதில்லை. இசை இலவசம் என்ற எண்ணம் கேசட்டோடு வந்தது. அதன் வயது அரை நூற்றாண்டைத் தாண்டாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் நாதஸ்வரக் குழுக்கள் இருக்கின்றன. யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டதிலிருந்து உள்ளூர்த் தமிழ் இசைக்கும் தனிக் கூட்டம் இருக்கிறது. மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, வாசிப்பைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றச் சம்மதம் கேட்டு, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ளலாம். நிகழ்த்துகலைஞருக்கு மலேசியச் சட்டம் தனி உரிமை தருவதால் இது தேவையும்கூட. அப்படிச் செய்த மோண்டாஜில் படமும் இசையும் இரண்டுமே குடும்பம் பேசி, கூலி கொடுத்து, உரிமையோடு பெற்றவையாக இருக்கும். திரைப்பாடல் விருந்து மண்டபத்திலேயே ஒலித்துவிட்டுப் போகட்டும்.