கிட்டார் விரல்பலகைக்கு மெருகேற்றல்

கிட்டாரின் கழுத்துமேல் ஒட்டி, உலோக மெட்டுகள் பதிக்கப்படும் மரப்பலகை விரல்பலகை எனப்படும். அதன்மேல் அரக்கு, நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) லேக்கர், பாலியூரித்தேன் (பி.யூ.) போன்ற பூச்சை ஏற்றி, தேய்த்துப் பளபளப்பாக்குவது மெருகேற்றல். மேப்பிள் மரத்துக்கு இது அவசியம். ஈட்டி மரத்துக்கு அவசியமில்லை. செய்வதானால் மரத்தின் குணம் அறிந்து செய்ய வேண்டும்.

ஈட்டி, கோவை வட்டாரத்துக்குச் சொந்த மரம். தோதகத்தி என்றும், ஆங்கிலத்தில் ரோஸ்வுட் என்றும் அதற்குப் பெயர் உண்டு. கோவையை ஒட்டிய துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால் எதிர்ப்படும் நீலகிரியிலும், தெற்கே ஆனைமலையிலும் அது இயற்கையாக வளர்கிறது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிற கிட்டார் நிறுவனங்களும் இதை ஏற்க, தென்னிந்தியக் காட்டு மரம் உலகக் கிட்டார்களில் நிலைபெற்றது. மரம் குறைந்துவருவதைக் கண்ட தமிழ்நாடு அரசு 1994-இல் ஈட்டிக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி கேட்க வேண்டும் என்றது அச்சட்டம். 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் கீழ் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. ஆகவே கையில் உள்ள ஈட்டிப் பலகையைத் தவறான பூச்சால் கெடுப்பது எளிதில் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

மேப்பிள் வெளிர்நிற மரம். வியர்வையும் அழுக்கும் ஏறினால் கறுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். அதனால்தான் ஃபெண்டர் நிறுவனம் 1950-களில் தன் மேப்பிள் கழுத்துகளுக்கு லேக்கர் பூசியது. 1959 வாக்கில் ஈட்டிவகைப் பலகைக்கு மாறியபோது அதைப் பூச்சில்லாமலே விட்டது. ரிக்கன்பேக்கர் நிறுவனமோ தன் ரோஸ்வுட் பலகைகளுக்கும் பளபளப்பு ஏற்றிப் பெயர்பெற்றது. மெட்டில்லாத பேஸ் கிட்டாரின் கதை வேறு. அங்கே தந்தி மரத்தின் மீதே உராய்கிறது. மெட்டில்லாத பேஸ் வாசித்த அமெரிக்கக் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ், படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியை விரல்பலகைமேல் பூசியது தேய்மானத்தைத் தடுக்கவே.

ஈட்டிக்கு மெருகேற்றுவோர் முதலில் எதிர்கொள்வது அதன் எண்ணெய்ப் பசை. மரத்தில் இயல்பாகவே உள்ள சில வேதிப்பொருள்கள், எண்ணெய் வார்னிஷும் சிலவகைப் பி.யூ. பூச்சுகளும் இறுகுவதைத் தடுக்கின்றன. மேலே காய்ந்ததுபோல் தோன்றும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். சில சமயம் வாரக்கணக்கில் காத்திருந்தும் பயனிருக்காது. இதற்குப் பழைய பாலிஷ்காரர்கள் அறிந்த மருந்து அவலரக்கு. மெழுகு நீக்கிய அரக்குச் சீவலை லிட்டருக்கு சுமார் 120 கிராம் வீதம் ஸ்பிரிட்டில் கரைத்து, மெல்லியதாக ஓரிரு பூச்சுக் கொடுத்தால் மரத்தின் எண்ணெய்க்கும் மேற்பூச்சுக்கும் நடுவே திரை விழுந்துவிடும். மெழுகு நீக்காத அரக்கின் மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது. முன்பே லெமன் ஆயில் தேய்த்துவந்த பலகையானால் அதை அசிட்டோனால் பலமுறை துடைத்தெடுத்த பிறகே அரக்குக்குப் போக வேண்டும்.

ஈட்டியில் துளைகள் பெரியவை. அவற்றை நிரப்பாமல் பூசினால் பளபளப்பின் நடுவே ஊசிக்குத்துப் பள்ளங்கள் தெரியும். 180-இல் தொடங்கி 320 வரை உப்புத்தாளால் இழையோட்டத்தில் தேய்த்து, அரக்கு கொடுத்து, துளைநிரப்பி இட்டு, அதன்பின் லேக்கரை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவது முறை. நன்கு இறுகியதும் 1000 முதல் 2000 வரையுள்ள நீர்த்தாளால் தேய்த்து, பாலிஷிங் காம்பவுண்டால் மெருகு கொண்டுவருவார்கள். மெட்டுகளைக் கழற்றிவிட்டுச் செய்வதே உத்தமம். கழற்றாவிட்டால் ஒவ்வொரு மெட்டையும் டேப்பால் மூடி, டேப்பை உரிக்கும் முன் ஓரத்தைக் கத்தி முனையால் கீறிவிட வேண்டும். இல்லையேல் பூச்சு பெயர்ந்து வரும். மெட்டின் உயரமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. கனமாகப் பூசினால் அந்த உயரம் குறைந்து, தந்தியை இழுத்து வாசிக்கும்போது விரல் பலகையில் ஒட்டும்.

பருவமும் முக்கியம். கோவைக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. ஈரக்காற்றில் என்.சி. லேக்கரும் அரக்கும் வெண்மூட்டம் பாய்ந்துவிடும். துடியலூரில் இவ்வேலைக்கு மாசி, பங்குனி ஏற்றவை. லேக்கரும் தின்னரும் எளிதில் தீப்பற்றும். இரு கலவைப் பி.யூ.வின் ஆவி நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டமும் தகுந்த முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதை விரித்துக் காயவைக்க வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்கு விரல்பலகையை மெருகேற்றும் சிக்கலே இல்லை. அதன் 24 மெட்டுகளும் கறுப்பு மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதில்லை. கிட்டாரிலோ விரல் நாளெல்லாம் மரத்தோடு உறவாடுகிறது. மெட்டுள்ள கிட்டாரில் தந்தி அழுந்துவது மெட்டின் மேல் என்பதால், பளபளப்பு ஒலியை மாற்றுவதைவிடக் கைப்பிடியையே அதிகம் மாற்றுகிறது. மேப்பிளுக்கு மெருகு, மெட்டில்லாத பேஸுக்குக் கடினப் பூச்சு, மெட்டுள்ள ஈட்டிப் பலகைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை துளி எண்ணெய்: இதுவே போதுமானது.