கரண்ட் போனா பல் டிரில் என்ன ஆகும்?

பல் டிரில்லை ஒரு காலத்துல சுத்த வெச்சது டாக்டரோட கால்தான். 1871-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மாரிசன், தையல் மெஷின் மாதிரி மிதிக்கிற டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 1875-ல் ஜார்ஜ் கிரீன் அதை மின்சாரத்துக்குக் கொண்டுபோனார். ஆனா அப்போ எத்தனை கட்டடத்துல கரண்ட் இருந்துச்சு? மிதி டிரில் இன்னும் பல வருஷம் ஓடுச்சு.

1957-ல் ஜான் போர்டனின் ஏரோட்டர் வந்தது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் சுற்று! அதைச் சுத்துறது காற்று. மின்சாரம் வாயை விட்டுத் தள்ளி, கம்ப்ரஸருக்குப் போயிடுச்சு. ஈரமான வாய்க்குள்ள வேலை பாக்குற கருவிக்கு இது பெரிய நிம்மதின்னு நான் நினைக்கிறேன்.

அதனாலதான் எங்க கீழ்பென்னாத்தூர்ல கரண்ட் போனாலும், டேங்க்ல மிச்சமிருக்கிற காத்துல டிரில் கொஞ்ச நேரம் சுத்தும். கரண்ட் இருந்தும் வேகம் குறைஞ்சா? டிரில்லைக் கழட்டாதீங்க, முதல்ல கம்ப்ரஸரோட பிரஷர் மீட்டரைப் பாருங்க. டேங்க்ல தேங்குற தண்ணியைத் தினமும் வடிக்கணும். அது குழாய் வழியா ஏறினா டிரில்லோட பேரிங் துருப்பிடிச்சிடும். கம்ப்ரஸரைத் திறக்குறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கி, உள்ள இருக்குற காத்தையும் வெளியேத்திடுங்க.