பேனாக்கட்டையும் கடைசற்காரனும்

எழுத்தின் வரலாற்றைக் கூறுவோர் புலவரைக் கூறுவர், அச்சியந்திரத்தைக் கூறுவர், அரசரின் ஆணைகளைக் கூறுவர். எழுதிய கை எதனைப் பற்றியிருந்தது, அதனைச் செய்தளித்த கை எவருடையது என்று வினவுவோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளிலும் கந்தோர்களிலும் வழங்கிய தொட்டெழுதும் பேனாவைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம். அப்பேனாவின் உறுப்புகள் இரண்டு: உருக்கினாலான நிப்பு; அதனைத் தாங்கும் மரக்கட்டை. நிப்பைச் செய்வித்த முதலாளியின் பெயர் நிப்பிலேயே பொறிக்கப்பட்டது. கட்டையைக் கடைந்தவனின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்குவதே கடைசல். பழைய ஐரோப்பியக் கடைசற்பட்டறையில், தலைக்கு மேலே வளையக்கூடிய கொம்பொன்று இருக்கும். அதிலிருந்து இறங்கும் கயிறு கடையப்படும் மரத்தைச் சுற்றி மிதிகட்டையை அடையும். மிதித்தால் மரம் முன்னோக்கிச் சுழலும். காலைத் தளர்த்தினால் கொம்பு நிமிர்ந்து அதனைப் பின்னோக்கிச் சுழற்றும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டுமாதலால் காலத்தின் ஒரு பங்கு வறிதே கழிந்தது. பாரமான சில்லு பொருத்தப்பட்டபின் சுழற்சி ஒரே திசையில் இடையறாது நிகழ்ந்தது. நீராவி வந்தபின்னர் மிதிக்கவும் வேண்டியதில்லை. ஆனால், தன் வேலையின் வேகத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையும் தொழிலாளியை விட்டு நீங்கிற்று.

பேனாக்கட்டை கடைவது எளிய வேலையன்று. நேரான இழையுள்ள மரத்தை இழையின் வழியே சதுரக்குச்சியாக அறுத்தல் வேண்டும். இழை குறுக்கே ஓடினால் மெல்லிய கட்டை முறிந்துவிடும். குச்சியை இரு முனைகளுக்கிடையே பொருத்திச் சுழற்றி, குழிவான உளியால் மூலைகளை நீக்கியபின், சாய்ந்த வாயுடைய தட்டையுளியால் வடிவு கொடுப்பர். மெலிய மெலியக் கட்டை உளியின் அழுத்தத்தால் வளைந்து அதிரும்; அதிர்ந்தால் மேனியெங்கும் வடு விழும். கைதேர்ந்தவன் வலக்கையால் உளியை நடத்தி, இடக்கை விரல்களைக் கட்டையின் பின்னே அணைத்து அவ்வதிர்வை அடக்குவான். விரல் பற்றுமிடத்திற் சற்றுப் பருமை, வாலை நோக்கி மெலிவு, முனையில் நிப்பை இறுகப் பற்றும் பிளவு ஆகியவற்றுள் ஒன்று பிழைப்பினும் எழுதுவோனுடைய கை நோகும். அன்றேல் கோடு சிதறும்.

உருக்கு நிப்புக்கு முன்னர் இறகுப்பேனாவே ஆட்சி செலுத்தியது. அதன் கூர் மழுங்குந்தோறும் கத்தியாற் சீவவேண்டியிருந்தது. 1820களில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே, கையால் இயக்கும் திருகு அழுத்திகளைக் கொண்டு நிப்புகள் திரளாகச் செய்யப்படலாயின. ஜோன் மிச்சல், ஜோசப் கில்லொட், ஜோசையா மேசன் முதலியோர் இத்தொழிலால் ஓங்கினர். அழுத்திகளின் முன் அமர்ந்தோரிற் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமாவர். ஒருத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 18,000 நிப்புகளைத் தகட்டிலிருந்து வெட்டவேண்டியிருந்தது. வேலை நேரத்திற் பேசினாலும் பாடினாலும் அபராதம். 1840ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் திருமணப் பதிவேடுகளில் மணமகளிருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் கையொப்பமிட அறியாது குறியே இட்டனர். உலகுக்கு எழுதுகருவி செய்தளித்த வர்க்கத்தின் மகளிருட் பலர் தம் பெயரைத்தானும் எழுத அறியாதிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கட்டையும் இவ்விதிக்குத் தப்பவில்லை. 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சலும், 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் எழுதுவோர் தொகையைப் பெருக்கின. தேவை பெருக, சுழலும் வெட்டலகின் துளையினூடே சதுரக்குச்சியைச் செலுத்தி உருளையாக்கும் இயந்திரங்கள் பயன்பட்டன. விரலால் அதிர்வடக்கிய கடைசற்காரனின் திறன் விலைபோகாப் பண்டமாயிற்று.

இயந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. பேனா மலிந்தமையாலேயே ஏழைப் பிள்ளையின் கைக்கும் அது எட்டியது. அந்த நன்மையை ஆக்கியோர் எவர், அதன் பயனைத் துய்த்தோர் எவர் என்பதே வினா. மேசன் நிறுவிய விஞ்ஞானக் கல்லூரி 1880இல் திறக்கப்பெற்று, 1900இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகமாயிற்று. கில்லொட் தம் செல்வத்தைக் கொண்டு ரேணரின் ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார். ரேணர் என்னும் குடிப்பெயரின் பொருளே கடைசற்காரன் என்பதாகும்! ஓவியரின் பெயரளவில் அச்சொல் மாளிகைச் சுவரை அடைந்தது. கடைசற்காரன் பட்டறைத் தூசியிலேயே நின்றான்.

நம் நாட்டிலும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ஏடும் எழுத்தாணியும் படிப்படியாகப் பின்வாங்க, கடல்கடந்து வந்த நிப்பு முன்வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் குமிழ்முனைப் பேனா பரவ, தொட்டெழுதும் பேனாவும் வகுப்பறையை விட்டகன்றது. இன்று அழகெழுத்துக் கலைஞர் அதனை மீண்டும் நாடுகின்றனர். அவர்களுக்காகக் கட்டைகள் மீண்டும் கையாற் கடையப்படுகின்றன. ஒருகாலத்தில் மதிப்பிழந்த கைத்திறன் இன்று அருமை கருதி விலைபெறுகின்றது.

கல்வி பரவிய வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் கூறுவதோடு அமைதல் தகாது. உளிபிடித்தவனும் அழுத்தியின் முன் இருந்தவளும் அவ்வரலாற்றின் மாந்தர்களே. அவர்களுக்கும் பாடத்தில் இடமளிப்பது ஆசிரியரின் கடன்.